வீட்டுக்குள் இருந்த மண்

முதலில் புதினாவை எடுத்துவிட வேண்டும். அதில்தான் ஈரம் அதிகம், அதில்தான் மண்ணுக்கு மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்தது, அதனால் அது முதலில். இல்லை, பெரிய தொட்டிகளை முதலில் இறக்கினால்தான் நல்லது, உடம்பில் தெம்பு இருக்கும்போதே பாரத்தை முடித்துவிடலாம், மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மணி ஆறு பத்து. பதினோரு மணிக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பகவதி கிளம்பி இங்கே வருவாள், குளித்துவிட்டு ஒரு மணி நேரமாவது படுத்து எழுந்திருக்கிறேன்ப்பா என்று நேற்றே சொல்லிவிட்டாள். புனேயிலிருந்து வந்து இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனவள்தான், நாலு நாளாக அந்த வராந்தா நாற்காலியிலேயே கிடக்கிறாள், பெற்ற தாய் ஐ.சி.யூ.வில் இருக்கும்போது மகளுக்கு வீடு எதற்கு. ஆனால் இன்றைக்கு வருவாள். கதவைத் திறந்ததும் ஹால். ஹாலில் ஜன்னலை ஒட்டிப் பதினேழு தொட்டிகள். ஏப்ரல் மாதம் அவளுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தேன், இதே ஹால், இதே ஜன்னல், கீழே வெறும் தரை, துடைத்த ஈரம்கூடக் காயாத தரை. எல்லாத்தையும் எடுத்தாச்சும்மா என்று கீழே எழுதியிருந்தேன். போட்டோ பொய்யில்லை. அந்த நிமிஷம் ஹால் வெறுமையாகத்தான் இருந்தது. தொட்டிகள் பின்னால் சின்ன அறையில் இருந்தன.

கற்றாழைத் தொட்டியைத் தூக்கினேன், தூக்கியதும் இடுப்புக்கு மேலே இடது பக்கம் ஒரு இழுப்பு. அங்கேதான் ஒன்று இல்லை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி என் இடது கிட்னியை எடுத்து ஆவுடைக்கு வைத்தார்கள். ஆவுடையம்மாள், என் மனைவி, ஐம்பத்தேழு வயசு. எனக்கு அறுபத்திரண்டு. ரத்த வகை சேர்ந்தது, மற்றச் சோதனைகளும் சேர்ந்தன, முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்ததில் அதுவும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அவள் அண்ணன் கேலி பேசினார். எனக்கும் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அது ஆறு மாசத்துக்குத்தான், இது டிசம்பர், ஆறு மாசம் தாண்டிவிட்டது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு மாசமும் மணியும் தப்பாது. ஆவுடையை ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றைக்கு ஒன்பதாவது நாள், காலை ஏழு நாற்பதுக்குச் சேர்த்தேன். இருமல் ஆரம்பித்தது அதற்கும் ஆறு நாள் முன்னால். அந்த ஆறு நாள். அது இப்போது வேண்டாம். படி இறங்கும்போது படியை மட்டும் பார்க்க வேண்டும். கற்றாழையின் முள் கன்னத்தில் உரசுகிறது. கட்டடத்துக்குப் பின்னால் மதில் ஓரத்தில் உடைந்த செங்கல் குவிந்து கிடக்கும், அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள், பகவதி நிச்சயம் போக மாட்டாள். இறக்கி வைத்தேன். உள்ளங்கையில் மண். வேட்டியில் துடைத்தேன், துடைத்ததும் இந்த வேட்டியோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறோமா என்று தோன்றியது, இல்லை, குளிக்கத்தானே போகிறேன், குளித்து வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் போவேன், இருந்தாலும் நகக்கண்ணில் இருக்குமே, நகத்தை வெட்டிவிடலாம், ஒட்ட வெட்டிவிடலாம்.

மேலே ஏறும்போது மூச்சு வாங்குகிறது. நமக்கே இப்படி வாங்கினால் ஆவுடைக்கு எப்படி இருக்கும். அந்த மாஸ்க்குக்குள்ளே அவள் இழுக்கிற சத்தம் வெளியே கண்ணாடிக் கதவுவரைக்கும் கேட்கிறது. டயாலிசிஸ் காலத்திலும் மூச்சு முட்டியதுண்டு, அது வேறு, அது தண்ணீர் கூடிப்போனதால் வருவது. இரண்டு வருஷம், வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ், ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. சாம்பார், மோர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள்ளே அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து கட்டில் பக்கத்தில் வைத்துவிடுவேன். பாளையங்கோட்டை வெயிலில் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் பாட்டில் காலியாகிவிடும். அவள் மேற்கொண்டு கேட்க மாட்டாள். கேட்டால் நான் கொடுத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பார்க்கப் பச்சையாக ஏதாவது இருக்கட்டுமே என்று ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து வருகிற வழியில் ஒரு துளசிக் கன்றை வாங்கி ஜன்னலில் வைத்தேன். மறுநாள் தண்ணீர் ஊற்றும்போது திரும்பிப் படுத்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்த மண் தண்ணீரை இழுக்கும்போது ஒரு சத்தம் வரும், குமிழ் குமிழாக, காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும். மெதுவா ஊத்துங்க என்றாள். எதுக்கு என்றேன். நீங்க அதுக்கு ஊத்தும்போது எனக்குத் தொண்டை நனையுத மாதிரி இருக்கு என்றாள். நான் சொம்பைச் சாய்த்தபடி அப்படியே நின்றேன். அடுத்த வாரம் கற்பூரவல்லி வந்தது, அதற்கடுத்து புதினா, வல்லாரை, திருநீற்றுப்பச்சிலை, எலுமிச்சைப்புல், மணிபிளாண்ட் இரண்டு, பெயிண்ட் டப்பாவில் ஒன்று, விளிம்பு உடைந்த பக்கெட்டில் ஒன்று, வாங்கியது பாதி, கிள்ளி நட்டது பாதி. வெயில் ஒரே ஜன்னலில்தான் விழும், அதனால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும், அதற்கே அரை மணி நேரம் ஆகும். சாயங்காலம் நாலு மணி ஆனதும் அவளே எழுந்து தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொள்வாள். நான் ஊற்றுவேன். அவள் பார்ப்பாள். பேச மாட்டோம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் செய்தது ஏதாவது உருப்படியாகப் போய்ச் சேர்ந்தது என்றால் அந்த அரை மணி நேரம்தான்.

திருநீற்றுப்பச்சிலை. இது சின்னது, இரண்டு தொட்டியை ஒரே தடவையில் கொண்டுபோகலாம், ஒரு கைக்கு ஒன்று. ஆப்பரேஷன் முடிந்து நாலாம் நாள், தண்ணி நல்லாக் குடிங்கம்மா, மூணு லிட்டர் குடிக்கணும் என்று பெரிய டாக்டர் சொன்னபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நிஜமாகவா என்கிற மாதிரி. ஒரு டம்ளரை வாங்கி நடுவில் நிறுத்தாமல் குடித்தாள், குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள். வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு ஒரு நர்ஸ் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கூட்டத்துக்குப் போகக் கூடாது, வெளிச்சாப்பாடு கூடாது, நாய் பூனை புறா கூடாது, வீட்டுக்குள்ளே செடித் தொட்டி கூடவே கூடாது. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அமுக்கி வைத்திருக்கும், மண்ணில் இருக்கிற பூஞ்சை நமக்கு ஒன்றும் செய்யாது, அவர்களுக்கு நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும் என்றாள். பகவதி கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். அப்பா, வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதுதான் என்றாள். சரிம்மா என்றேன். செய்திருந்தால் அரை நாள் வேலை. ஆவுடைக்கு இனிமேல் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, தொட்டிகளின் தேவை அவளுக்குத் தீர்ந்துவிட்டது. எனக்குத் தீரவில்லை. இவ்வளவுதான் விஷயம், இதை இப்படி உடைத்து நான் எனக்கே சொன்னதில்லை. பின்னறைக் கதவைச் சாத்தி வைத்தால் போதும் என்று நினைத்தேன். பின்னறையில் வெளிச்சம் இல்லாமல் தண்டு வெளுத்து நீண்டுபோயிற்று, அதனால் பால்கனிக்கு மாற்றினேன். பால்கனி வெளிதானே. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது, பால்கனிக்குச் சாரல் அடித்துத் தொட்டியெல்லாம் ததும்பி நின்றது, அதனால் ஹாலுக்குள்ளே. அவள்தானே சொன்னாள், உள்ள கொண்டாந்து வையுங்க, நனைஞ்சு செத்துரும் என்று. சொன்னாளா? சொன்னாள். அவள் குரல் காதில் இருக்கிறது. சொல்லும்போது தலையில் துண்டு கட்டியிருந்தாள், கையில் டயாலிசிஸ் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. பஞ்சா? டயாலிசிஸ் நின்றது ஏப்ரலில். அப்படியென்றால் அது போன வருஷத்து மழை. இந்த வருஷம் என்ன சொன்னாள்? இந்த வருஷம் நான் தொட்டிகளை உள்ளே கொண்டுவந்து வைக்க வைக்க, முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வந்து நின்று பார்த்தாள். வேண்டாங்க, எடுத்து வெளிய போட்டுருங்க, எதுக்கு வம்பு என்றாள். ஜூலையிலும் ஒரு தடவை சொல்லியிருந்தாள். மழை விட்டதும் எடுத்துருதேன் என்றேன். மறுபடி அவள் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து மாஸ்க்கையும் கழற்றிவிட்டாள், வீட்டுக்குள்ளே எத்தனை நாளைக்குத்தான் அதை மாட்டிக்கொண்டிருப்பாள்.

எட்டு தொட்டி போய்விட்டது. மணி ஏழு முப்பத்தைந்து. வல்லாரையை எடுத்த இடத்தில் தரையில் வட்டமாக ஒரு கறை. எல்லாத் தொட்டிக்கும் அடியில் இப்படி வட்டம் இருக்கும், துடைத்தால் போகுமா, டைல்ஸில் ஏறிவிட்ட கறை சீக்கிரத்தில் போகாது, பகவதி கேட்டால் என்ன சொல்வது. ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இங்கேதான் உட்கார்ந்து மண் மாற்றினேன். நவம்பர் பத்தொன்பது, ஞாயிறு, சாயங்காலம் நாலரை மணி. புதினாத் தொட்டியில் மேல்மண் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது, நூல் நூலாக, பஞ்சு மாதிரி. பழைய ஸ்பூனால் சுரண்டி, பேப்பரை விரித்து அதில் கொட்டி, தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து கையால் பிசைந்தேன். நார்த்தூள் மூட்டையைக் கவிழ்த்தபோது புகை மாதிரி எழும்பியது, ஜன்னல் வெயிலில் தூசி தெரிந்தது, வெயில் விழுந்த பட்டைக்குள்ளே மட்டும் அது மேலும் கீழும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆவுடை சோபாவில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தும்மல் போட்டாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா? ஒன்பது நாளாக இதிலேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஓடவில்லை என்றால் தூசி ஜன்னல் பக்கமே அடங்கியிருக்கும், அவள் உட்கார்ந்திருந்த இடம் பத்தடி தள்ளி. ஓடியிருந்தால் ஹால் முழுக்கப் பரப்பியிருக்கும். மழைக்காலம், குளிர்ச்சியாகத்தான் இருந்தது, ஃபேன் எதற்குப் போடப்போகிறோம். ஆனால் அவளுக்கு அந்த மாத்திரையில் உடம்பு எந்நேரமும் காந்தும், மழை பெய்தால்கூட ஃபேன் வேண்டும் என்பாள். பேப்பர் பறந்ததா? பறக்கவில்லை. நன்றாக நினைவிருக்கிறது, பேப்பர் அசையாமல் கிடந்தது. அப்படியானால் ஃபேன் ஓடவில்லை. பேப்பரின் நாலு மூலையிலும் நாலு சின்னத் தொட்டியைத் தூக்கி வைத்திருந்தேன். எதற்கு வைத்தேன்? பேப்பர் பறக்காமல் இருக்க.

ஹால் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். கையில் புதினாத் தொட்டி. வெள்ளை திரும்பவும் பூத்திருக்கிறது.

பிறகு அந்த ஆறு நாள். முதல் நாள் சின்ன இருமல். நான்தான் கற்பூரவல்லி இலை நாலைப் பறித்து, மிளகு தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். வீட்டிலேயே இருக்கிற மருந்து, மாத்திரையாகத் தின்று தின்று வெறுத்துப்போனவளுக்கு இது தேவலை என்று குடித்தாள். இரண்டாம் நாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் லேசாகக் காய்ச்சல், டாக்டருக்குப் போன் பண்ணவா என்றாள், இன்னிக்கு ஒரு நாள் பாப்போம் என்றேன். சின்னக் காய்ச்சல் என்றாலும் உடனே கூப்பிடணும் என்பது அந்த நர்ஸ் வாசித்த பட்டியலில் முதல் வரி. ஏன் கூப்பிடவில்லை? கூப்பிட்டால் கேட்பார்கள், வீட்டில் என்ன இருக்கிறது, ஏது இருக்கிறது என்று கேட்பார்கள். அப்போதே தெரிந்திருக்கிறது எனக்கு. அடியில் எங்கேயோ தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டேதான் இலையைப் பறித்து வேகவைத்துக் கொடுத்திருக்கிறேன். ஐந்தாம் நாள் துப்பியதில் சிவப்பாக இருந்ததை எனக்குக் காட்டாமல் கழுவி ஊற்றியிருக்கிறாள். ஆறாம் நாள் உட்கார்ந்தபடியே விடிய விடிய மூச்சிழுத்தாள். முந்தாநாள் நுரையீரல் டாக்டர், ஷர்மிளா என்று பெயர், சின்ன வயசுதான், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என்னையும் பகவதியையும் பார்த்துக் கேட்டாள். நிமோனியாக்குக் கொடுக்கிற மருந்து கேக்கல சார், வேற மாதிரி இருக்குமோன்னு பாக்கிறோம், வீட்ல மண், செடித் தொட்டி, புறா எச்சம், பூசணம் பிடிச்ச சுவர், இப்படி ஏதாவது உண்டா? பகவதி என் பக்கம் திரும்பவில்லை. நான், இல்ல டாக்டர், எல்லாத்தையும் ஏப்ரல்லயே எடுத்தாச்சு என்றேன். எவ்வளவு நிதானமாகச் சொன்னேன். டிப்போவில் யாராவது பஸ் நேரத்தை மாற்றி எழுதச் சொன்னால் ஒருநாளும் எழுதாதவன். டாக்டர் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டாள். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் மருந்து போகிறதா? இரண்டு நாளாக வேறு மருந்து போகிறதா? போனால் போகட்டும் என்று எவனாவது இருப்பானா, மகள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு? இருந்திருக்கிறேன். இதோ, தடயத்தை எடுத்து மதிலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருக்கிறேன்.

புதினாவையும் கற்பூரவல்லியையும் கைக்கொன்றாக இடுக்கிக்கொண்டு இரண்டாம் மாடி திரும்பியபோது எஸ்தர் டீச்சர் கதவைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், தங்கை குடும்பத்தோடு இருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி, காலைலேயே சுமந்துட்டு இறங்குதீங்க. ஆவுடையக்காக்கு இப்ப எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு டீச்சர்."

"தினமும் ஜெபம் பண்ணுதோம். இது கற்பூரவல்லிதானே? தூரத்தான் போடப் போறீங்கன்னா இங்கன வச்சிருங்களேன். தங்கச்சி பிள்ளைக்கு நாலு நாளா நெஞ்சுச்சளி, ராத்திரியெல்லாம் இருமுது."

கையை நீட்டினார். நான் ஒரு படி பின்னால் ஏறிவிட்டேன்.

"வேண்டாம்."

"ஒரு கொப்பு தாங்க, போதும்."

"வேண்டாம் டீச்சர். தொடாதீங்க. இந்த மண் ஆகாது."

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். முகத்தில் என்ன தெரிந்ததோ, பால் பாக்கெட்டைக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"இதுலதான் அவளுக்கு வந்துச்சு. வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் வச்சிருந்தேன்."

சொல்லிவிட்டேன். மாடிப்படியில், லுங்கி கட்டிய யாரோ ஒருவர் மேலே ஏறிப்போகிறார், ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, சொல்லிவிட்டேன். எஸ்தர் டீச்சர் அப்படியா என்று கேட்கவில்லை, அடப்பாவமே என்றும் சொல்லவில்லை. தொட்டியையும் என்னையும் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"எதுக்கு நிக்கீங்க அண்ணாச்சி?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு தொட்டியையும் பின்னால் கொண்டுபோய் வைத்தேன், வைத்துவிட்டு மேலே வந்து மீதி ஏழு தொட்டியையும் பார்த்தேன். தொடவில்லை. பகவதி வந்து பார்க்கட்டும். குளித்தேன், மூன்று தடவை சோப்பு போட்டேன், நகத்தை ஒட்ட வெட்டியதில் பெருவிரலில் ரத்தம் வந்தது. ஆவுடையின் பழைய ஃபைலையும் இரண்டு நைட்டியையும் பையில் வைத்தேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன், டாக்டர், முந்தாநாள் நான் சொன்னது தப்பு. தப்பு என்றால் தெரியாமல் சொன்ன மாதிரி ஆகிவிடும். டாக்டர், முந்தாநாள் நான் சொன்னது பொய். அதன் பிறகு என்ன சொல்வது, எத்தனை தொட்டி என்று கேட்பார்களா, எந்தெந்தச் செடி என்று கேட்பார்களா, ஃபேன் ஓடியதா என்று கேட்பார்களா. கேட்டால் ஓடியது என்றே சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் நின்ற பெண்ணின் கூடையில் கருவேப்பிலைக் கட்டு, பச்சை வாசனை, குமட்டிக்கொண்டு வந்தது. பாதி வழியில் ஒரு நினைப்பு, இப்போது போய்ச் சொல்லும்போது ஆவுடை இல்லாமல் போயிருந்தால்? அப்படியென்றால் யாரிடமும் சொல்லவே வேண்டாம். இந்த நினைப்பு எனக்குள்ளிருந்துதான் வந்தது. நிம்மதி மாதிரி ஒன்றை அது ஒரு நொடி கொடுத்தது. மனுஷன் இதைக்கூட நினைப்பான் போலிருக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னக் குழந்தைக்கு வழிவிட்டுக்கொண்டே நினைப்பான்.

பகவதி வராந்தாவில் அதே நாற்காலியில் இருந்தாள். தலை வாரவில்லை. பக்கத்து நாற்காலியில் அவள் பை. பத்து ஐம்பதுக்கு வந்துட்டீங்களே என்றாள். டாக்டரைப் பாக்கணும்மா, ஒரு விஷயம் சொல்லணும் என்றேன். என்ன விஷயம் என்று அவள் கேட்கவில்லை. எழுந்து என்கூட வந்தாள். டாக்டர் ஷர்மிளா கம்ப்யூட்டர் முன்னால் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தாள். தயார் பண்ணி வைத்த வாக்கியம் போய்விட்டது.

"வீட்டுக்குள்ள தொட்டி இருந்துச்சு டாக்டர். பதினேழு. நான் பொய் சொன்னேன். ஹால்ல வச்சு மண் மாத்தினேன், அவ பக்கத்துலதான் இருந்தா."

டாக்டர் டம்ளரை வைத்தாள். என்னைப் பார்க்காமல் பகவதியைப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு அன்னைக்கே சொல்லிட்டாங்க சார். நீங்க காபி குடிக்கக் கீழ போயிருந்தீங்க. பூஞ்சைக்கான மருந்து அன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சாச்சு. நேத்து டெஸ்ட்டும் அதையேதான் காட்டுது."

பகவதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ஃபேன் ஓடிச்சு டாக்டர்."

"ஃபேனா?" டாக்டருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. "எங்கேருந்து வந்துச்சுன்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது சார். மழைக்காலத்துல வெளிக்காத்துலயும் இருக்கும். உங்க தொட்டிலேருந்தே வந்திருக்கவும் செய்யலாம். அதை விடுங்க. உக்காருங்க, இப்ப ஒரு முடிவு எடுக்கணும்."

உட்கார்ந்தோம். மருந்து மட்டும் போதவில்லை என்றாள். உடம்பே எழுந்து எதிர்க்க வேண்டும், அதற்கு அந்த எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைக்கிற மாத்திரைகளை நிறுத்தியாக வேண்டும், நிறுத்தினால் உடம்பு பூஞ்சையை எதிர்க்கிற அதே வேகத்தில் புதுக் கிட்னியையும் எதிர்க்கும். பெரிய டாக்டரோடு பேசிவிட்டார்கள். "கிட்னி போயிரலாம் சார். பெரும்பாலும் போயிரும். ஆனா அதைக் காப்பாத்தப் பாத்தா ஆளைக் காப்பாத்த முடியாது." நான் என் இடது பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டிருந்ததை அவள் பார்த்த பிறகுதான் நான் பார்த்தேன், கையை எடுத்துவிட்டேன். பிழைச்சுருவாளா என்றேன். பாதிக்குப் பாதி என்றாள், பிழைத்தால் மறுபடி டயாலிசிஸ், இந்த வயசில் இரண்டாவது மாற்றுக்கு அவர் உடம்பு தாங்காது. ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா என்று ஆரம்பித்தேன். அவள் பொய் சொல்லவில்லை. நல்லா இருந்திருக்கும் சார் என்றாள். காகிதத்தை நீட்டினாள், கையெழுத்துப் போட்டேன், பெருவிரல் ரத்தம் காகித ஓரத்தில் லேசாக ஒட்டியது, அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் பகவதி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அக்டோபர்ல. வீடியோ கால்ல அம்மாக்குப் பின்னால இலை தெரிஞ்சுது. அன்னைக்கே சத்தம் போட்டிருக்கணும். போடல. அம்மா முகம் நல்லா இருந்துச்சு, நீங்களும் சிரிச்சுட்டு இருந்தீங்க. நாளைக்குப் பேசிக்கலாம்னு விட்டேன். அப்புறம் ஆபீஸ், அது இதுன்னு போச்சு."

அவள் அழவில்லை. அவள் நாலு நாளாக இந்த நாற்காலியில் எதோடு உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. நீ தப்பா நினைக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன், அதைச் சொல்கிற தகுதி எனக்குக் கிடையாது, மூடிக்கொண்டேன். நர்ஸ் கதவைத் திறந்து ஆவுடையம்மாள் அட்டெண்டர் ஒருத்தர் மட்டும் வாங்க என்றாள். நீங்க போங்கப்பா என்றாள் பகவதி.

மாஸ்க்குக்குள்ளே ஆவுடையின் முகம் சிறுத்துப்போயிருந்தது, கண் மட்டும் பெரிதாக. என்னைப் பார்த்ததும் விரலை அசைத்தாள். பக்கத்தில் குனிந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், மாத்திரையை நிறுத்தப்போகிறார்கள், கிட்னி நிற்காது, நான் டாக்டரிடம் பொய் சொன்னது, பகவதிக்கு முன்பே தெரிந்திருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தாள். கிட்னி என்றபோது கண்ணை மூடினாள், மூடிய ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, துடைத்துவிட்டேன். பிறகு மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினாள். நர்ஸ் அதட்டினாள். அதற்குள் சொல்லிவிட்டாள்.

"பகவதிகிட்ட... நான்தான் வைக்கச் சொன்னேன்னு சொல்லிருங்க. என்மேல அவளுக்குக் கோவம் வராது."

மாஸ்க்கைத் திரும்ப வைத்து விட்டேன். அவள் என் கையைப் பிடித்திருந்தாள், ஒட்ட வெட்டிய நகத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். சரி என்று சொல்லுங்க என்கிற மாதிரி பார்த்தாள். நேரமாச்சு என்றாள் நர்ஸ்.

வெளியே பகவதி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா என்ன சொன்னா?"

சொல்லிவிடலாம். ஆவுடையே கொடுத்தனுப்பியது. சொன்னால் பகவதி நம்புவாள், நம்பாவிட்டாலும் நம்பியதாக வைத்துக்கொள்வாள், மூன்று பேருக்கும் வசதி. நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"உன்கிட்ட ஒரு பொய் சொல்லச் சொன்னா" என்றேன். "அவ வைக்கச் சொல்லலம்மா. ஜூலையில ஒருதரம், மழைக்கு ஒருதரம், எடுத்து வெளிய போடுங்கன்னு ரெண்டு தரம் சொன்னா. நான்தான் கேக்கல. காய்ச்சல் வந்த அன்னைக்கு டாக்டருக்குப் போன் பண்ணவான்னு கேட்டா. அதுக்கும் நான்தான் வேண்டாம்னேன்."

அவள் முகம் இறுகியது. ஏதோ சொல்லப்போகிறாள் என்று நின்றேன், சொல்ல வேண்டியதுதான், சொல்லட்டும். அவள் ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள், முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது, ஐந்து நிமிஷமோ, பத்து நிமிஷமோ, டைம் கீப்பருக்கு அந்த நேரம் மட்டும் தெரியவில்லை. பிறகு திரும்பி வந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"உக்காருங்க" என்றாள். அப்பா என்று சேர்க்கவில்லை.

உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகிற பேச்சை அவள் எடுக்கவில்லை. உள்ளே அடுத்த தடவை நாலு மணிக்குத்தான் விடுவார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆவுடை மூச்சிழுக்கிற சத்தத்தை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.